பல்லடத்தில் இனி ஒரு பெண்ணும் ஒப்படைக்கப்படக் கூடாது!

2024 ஜனவரி 2. நம் பல்லடம் காவல் நிலையத்திலிருந்து 19 வயதுப் பெண் ஒருத்தி தந்தையோடு அனுப்பிவைக்கப்பட்டாள். மறுநாள் தஞ்சை மாவட்டம் நெய்வவிடுதியில் அவள் உயிரோடில்லை. இங்கே பிழைக்க வந்தவள். 2023 டிசம்பர் 31 அன்று ஒரு தலித் இளைஞரை மணந்தவள். அவள் செய்தது அவ்வளவுதான். பெற்றோர் கைதானார்கள், ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அதோடு கணக்கு முடிந்ததா?

முடியவில்லை. இது முதல் கொலையும் அல்ல. இதே திருப்பூர் மாவட்டத்தில், 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டையில் சாதி மீறி மணந்த தலித் இளைஞர் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிச் சாய்த்தார்கள். வெட்டுப்பட்டுப் பிழைத்த அவர் மனைவி கௌசல்யா, பெற்றவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னார்.

"காதலால் குடும்பம் கெட்டுப்போச்சு" என்கிறார்கள் சாதிச் சங்கத்தார். குடும்பத்தை மாற்றியது காதல் மட்டுமல்ல தோழர்களே, கூலி! மகளை மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் அனுப்பியது குடும்பம்தான். அவள் சம்பளத்தில் கடன் அடைந்தது, தம்பி படித்தான். மகளின் சம்பளம் இனிக்கிறது, அவள் முடிவு மட்டும் கசக்கிறதா? இது எந்த ஊர் அறம்?

சட்டம் நம் பக்கம் நிற்கிறது. வயதுவந்த இருவரின் திருமணத்தில் குடும்பமோ சாதியோ தலையிடக் கூடாது என்று சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாவட்டந்தோறும் தனிப் பிரிவு, 24 மணிநேர உதவி எண் வேண்டும் என்றது. கடமை தவறும் காவலர்மீது நடவடிக்கை என்றும் சொன்னது. தீர்ப்பு வந்து ஆறு ஆண்டு ஆவதற்குள்தான் நம் ஊர் ஸ்டேஷனில் ஒரு பெண்ணை "பேசி" அனுப்பினார்கள்!

ஆணவக் கொலைகளைத் தடுக்கும் தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை தர நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் முதலமைச்சர் அறிவித்தார். வரும் சட்டத்தில், விருப்பமில்லாத பெண்ணைக் குடும்பத்திடம் அனுப்பிவைப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று எழுதப்பட வேண்டும். அதற்குக் குறைவான எதையும் ஏற்கமாட்டோம்!

சட்டம் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. விசைத்தறித் தோழர்களே, பனியன் கம்பெனித் தோழர்களே, ஒவ்வொரு கிளையும் இந்த வாரமே முடிவெடுங்கள்.

ஒரு ஜோடியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால், அவர்கள் தனியாகப் போகக் கூடாது. வழக்கறிஞரோடு நாமும் போவோம். பெற்றோர் இல்லாத இடத்தில் பெண்ணின் வாக்குமூலத்தை எடுக்கச் சொல்வோம். அச்சம் இருந்தால் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தக் கேட்போம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை லைன் வீடுகளின் ஒவ்வொரு கதவிலும் ஒட்டுவோம். மாவட்டத் தனிப் பிரிவு எங்கே, அதன் பொறுப்பாளர் யார் என்று ஆட்சியரிடம் எழுத்தில் கேட்போம்.

நம் வீட்டுப் பிள்ளை சாதி விட்டுக் கல்யாணம் செய்தால், மணமேடையில் முதல் ஆளாக நாம் நிற்போம். அதைச் செய்யாதவருக்குச் சங்கக் கொடியைப் பிடிக்கும் தகுதி இல்லை.

வயதுவந்த பெண் யாருடைய உடைமையும் அல்ல! ஒப்படைக்க எவருக்கும் அதிகாரம் இல்லை! திரண்டு வாருங்கள் தோழர்களே!