டி.என். வண்டிக்கு ஒரு கட்டணம், கே.ஏ. வண்டிக்கு ஒரு கட்டணமா?

மைசூர் மண்டி மொகல்லாவில் ஒரே வீதியில் மூன்று கார்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றும் ஒரே மாடல், ஒரே வயது. ஒன்றின் நம்பர் கே.ஏ. 09. மைசூரிலேயே பதிவானது. இன்னொன்று டி.என். 30, சேலத்து வண்டி. மூன்றாவது சென்னையில் பதிவு செய்யப்பட்டது. இன்சூரன்சு புதுப்பிக்கும் மாதம் வந்தால் மூன்று பேர் கட்டும் பணமும் மூன்று விதமாக இருக்கும்.

உடனே எழுகிற பேச்சும் நமக்குத் தெரிந்ததுதான். "தமிழ்நாட்டு போர்டு என்பதால் கூடுதலாகக் கறக்கிறார்கள்" என்பார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறு.

இரண்டு கணக்கு

நாம் கட்டும் பிரீமியத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, நம் வண்டியால் அடிபட்ட மூன்றாம் நபருக்காக. இதை எடுக்காமல் வண்டியை ரோட்டில் இறக்கக்கூடாது என்று மோட்டார் வாகன சட்டம் சொல்கிறது. மீறினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். இந்தப் பகுதிக்கு மத்திய அரசே கட்டணம் வகுக்கிறது. 2022 ஜூன் 1-ந் தேதி அமலுக்கு வந்த பட்டியலின்படி 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய். 75 முதல் 150 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு 714 ரூபாய். காஷ்மீரானாலும் கன்னியாகுமரியானாலும் இதுதான். இதில் மைசூர், சேலம் என்ற பேதமே கிடையாது.

வித்தியாசம் இரண்டாவது பகுதியில்தான் வருகிறது. அது நம் சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கானது.

1973 ஜனவரி 1-ந் தேதி பொது இன்சூரன்சு தொழில் தேசியமயமானது. நான்கு அரசாங்கக் கம்பெனிகள் இருந்தன. அதில் யுனைடெட் இந்தியாவின் தலைமை ஆபீஸ் நம்முடைய சென்னையில். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே விலைப்பட்டியல். கடைசியாக 2002-ல் வந்த பட்டியல் கார்களுக்காக நாட்டை இரண்டு மண்டலமாகப் பிரித்தது. சென்னை, பெங்களூர், மும்பை, டெல்லி, கல்கத்தா, ஐதராபாத், புனே, ஆமதாபாத் ஆகிய எட்டு நகரங்களும் "ஏ". மீதி இந்தியா முழுவதும் "பி". பெரிய நகரத்தில் நெரிசல் அதிகம், திருட்டு அதிகம், பட்டறைக் கூலியும் அதிகம் என்பதே காரணம்.

ஆக, மைசூரும் "பி", சேலமும் "பி". வண்டி எங்கே ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. எந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவானது என்றே பார்ப்பார்கள்.

2007 ஜனவரி 1 முதல் இந்தப் பட்டியலின் கட்டாயம் போய்விட்டது. கம்பெனிகள் தங்கள் இஷ்டப்படி தள்ளுபடி தரலாம். ஆனாலும் பழைய பட்டியலைப் பிடித்துக்கொண்டே கணக்குப் போடுகிறவர்கள் பலர். அதன்படி, 4 லட்ச ரூபாய் மதிப்புள்ள, ஐந்து வயதுக்கு உட்பட்ட சிறிய காருக்கு "ஏ" மண்டலத்தில் 12,508 ரூபாய். "பி" மண்டலத்தில் 12,156 ரூபாய். வித்தியாசம் 352 ரூபாய்தான்! இதற்காகவா இத்தனை சண்டை?

பெரிய தொகை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வருடம் நஷ்டஈடு கேட்காமல் இருந்தால் சொந்த சேதப் பகுதியில் 20 சதவீதம் தள்ளுபடி. இது ஏறிக்கொண்டே போய் ஐந்தாவது வருடத்தில் 50 சதவீதம் ஆகும். மேலே சொன்ன 12,156 ரூபாயில் பாதி, 6,078 ரூபாய் மிச்சம். இந்தச் சலுகை வண்டிக்கு அல்ல, ஆளுக்கு. பழைய காரை விற்றுப் புதியது வாங்கினாலும் கூடவே வரும். அதற்கான கடிதத்தைக் கம்பெனியில் கேட்டு வாங்க வேண்டும். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் எல்லாம் போச்சு. பம்பர் கீறலுக்கு 1,500 ரூபாய் கேட்டு, 6,000 ரூபாய் சலுகையை இழக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டில் ஓட்டுகிற ஆளையே தோண்டித் துருவுவார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநில மக்கள் 1988-ல் ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒருவர் ஒழுங்காக ஓட்டினாரா, எத்தனை மைல் ஓட்டினார், எத்தனை வருட அனுபவம் என்பதுதான் அங்கே முக்கியம். குடியிருக்கும் பேட்டை அதற்குப் பிறகுதான். நம் நாடு அந்த அளவுக்குப் போகவில்லை.

மலிவு பாலிசியில் இல்லாதது

கட்டணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாலிசியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கர்நாடகத்தில் இருக்கும் நாம் 2016 செப்டம்பர் 12-ந் தேதியை மறக்க முடியாது. காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்த நாள் அது. முழு பாலிசியில் கலவரம், வேலைநிறுத்தம், தீ, திருட்டு எல்லாம் அடங்கும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தால் எரிந்த வண்டிக்கு ஒரு பைசா கிடைக்காது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கோவை எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் தொடர்ந்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்த உத்தரவுப்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய மோட்டார் சைக்கிளுக்கு 5 வருடமும் காருக்கு 3 வருடமும் மூன்றாம் நபர் இன்சூரன்சு சேர்ந்தே எடுக்க வேண்டும். நல்ல உத்தரவுதான். ஆனால் "எனக்கு ஐந்து வருடம் இன்சூரன்சு இருக்கிறது" என்று சொல்லும் பல பேருக்கு, சொந்த சேதப் பகுதி முதல் வருடத்தோடு முடிந்துவிட்டது தெரியாது. பாலிசியை எடுத்து இரண்டு தேதிகளையும் தனித்தனியே பாருங்கள்.

பின் சீட்டில் மனைவியை வைத்து ஓட்டுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச பாலிசி பின்னால் உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்றாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2006-ல் தீர்ப்பளித்தது.

டிரைவர் வேலை செய்யும் நம்மவர்கள் மைசூரில் நிறையப் பேர். அவர்களுக்கு 2024 நவம்பர் 6-ந் தேதி நல்ல தீர்ப்பு வந்தது. சாதாரண இலகு ரக லைசென்சு வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத டாக்சியையும் சரக்கு வண்டியையும் ஓட்டலாம், தனி அனுமதி வேண்டாம் என்று ஐந்து நீதிபதிகள் கூறினர். அதற்கு முன் இதையே காரணம் காட்டி நஷ்டஈட்டை மறுத்த கதைகள் ஏராளம். ஆனால் வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விடுவது வேறு விஷயம். சொந்த உபயோகத்துக்கு என்று பாலிசி எடுத்துவிட்டு, ஊட்டிக்கு ஆள் ஏற்றிப் போகும்போது விபத்து நடந்தால் கம்பெனி கையை விரிக்கும். அடிபட்டவருக்குப் பணம் கொடுத்தாலும், அதை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க கோர்ட்டு அனுமதி கொடுக்கலாம். வீட்டுப் பத்திரம் வரை போகும் சமாசாரம் இது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் 14 நாளுக்குள் பாலிசியைத் தங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாம் நபர் பகுதி தானாக மாறிவிடும். சொந்த சேதப் பகுதி மாறாது. நண்பர் ஊரிலிருந்து கொடுத்த வண்டி, இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது என்பவர்கள் திருட்டுப் போன பிறகு அலைவது வீண்.

ஊர் வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் கர்நாடகப் பதிவுக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம். நம்பர் மாறியதும் இன்சூரன்சு கம்பெனிக்கும் எழுதிப் பாலிசியில் திருத்திக்கொள்ள வேண்டும்.

கம்பெனி நஷ்டஈட்டை மறுத்தால், அல்லது புகார் எழுதி ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால், பெங்களூர் ஜே.பி. நகரில் உள்ள இன்சூரன்சு குறைதீர்ப்பாளர் ஆபீசுக்கு எழுதலாம். பாலிசி சேலத்தில் எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை. நாம் குடியிருக்கும் இடத்தை வைத்தே இங்கு மனு கொடுக்கலாம். மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது. வக்கீலும் வேண்டாம்.