அரைப்பேர்

கட்டுகஸ்தோட்டை வீதியில் ஓர் அச்சகத்தின் பின்னறைதான் எங்கள் இதழின் அலுவலகம். மழை பெய்தால் தாள் கட்டுகளை மேசைமேல் ஏற்றிவிட்டு நின்றபடியே அச்சுப்பிழை திருத்துவோம். அப்படியொரு மழைநாளில் பேராதனைக் கலைப்பீட மாணவி ஒருத்தி வந்தார். கவிதையாக இருக்கும் என்று நினைத்தோம்; வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கவிதைதான் கொண்டுவருகிறார்கள். இவர் கையில் ஒரு கொப்பி. அதில் பொடி எழுத்தில் நூற்றுச் சொச்சம் சொற்கள். பெரட்டு, கொந்தரப்பு, கவ்வாத்து, செக்றோல், லயம், அரைப்பேர்.

அகராதியில் அகப்படாத வீட்டுச் சொற்கள் ஐம்பதைச் சேர்த்துவரும்படி மொழியியல் விரிவுரையாளர் சொல்லியிருக்கிறார். மாணவி தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். விடுதிக்கு வந்த முதல் வாரத்திலேயே இந்தச் சொற்களை வாயிலிருந்து துடைத்துவிட்டு, பாதி புத்தகத் தமிழும் பாதி யாழ்ப்பாணத் தமிழுமாகப் பேசப் பழகிக்கொண்டவர். இப்போது விடுமுறைக்குப் போய் அப்பாயியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதியிருக்கிறார்.

"சின்னப்புள்ளையிலேருந்து கேட்ட சொல்லு சேர். கொழுந்து நிறை கொறஞ்சா அரைப்பேரு. பேருன்னா சம்பளம்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன். அது எங்க அப்பாயியோட பேருதான், அதைத்தான் பாதியா வெட்டுறாங்கன்னு எழுதுறப்பதான் ஒறைச்சுச்சு."

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நகரத்து வாசகர்களுக்காக ஒரு வரி: செக்றோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே பதிவு விழுந்தால்தான் அன்றைய கூலி, நிர்ணயித்த கிலோ வராவிட்டால் பாதி. அந்தப் பாதிக்கு அரைப்பேர் என்று பெயர் வைத்தது யார் என்று நாம் பார்த்த எந்த நூலிலும் இல்லை. வைத்தவருக்கு மொழியியல் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ஒரு நாட்கூலியின் கதையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இலச்சினையில் ஒரு சமஸ்கிருத வாசகம் உண்டு. சாஸ்திரமே எல்லோருக்கும் கண் என்பது அதன் பொருள். வள்ளுவரும் கல்வியைக் கண் என்றுதான் சொன்னார். பொதுவாக இத்தகைய இலச்சினை வாசகங்களை நாம் பொருட்படுத்துவதில்லை. பட்டமளிப்பு விழா அழைப்பிதழின் மேல்மூலையில் கிடந்துவிட்டுப் போகும். ஆனால் அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகு ஒரு கேள்வி விடாமல் பிடித்துக்கொண்டது. ஹந்தானை மலையடியில் இருக்கும் இந்தக் கல்விச்சாலை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக யாருக்கு, எப்போது, கண்ணாக இருந்தது?

1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு வந்தது. பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்த காலம் அது. அந்த நாளைய தமிழ்ப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1940 இல், 'நானாடகம்' என்ற நூலில் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை அப்படியே நாடகப் பாத்திரங்களின் வாயில் வைத்தவர். இலக்கணச் சுத்தம் பேசிய பண்டிதர் உலகத்துக்கு அது உவப்பாக இருந்திருக்காது. பேசுகிற தமிழும் தமிழே என்று ஒரு தமிழ்ப் பேராசிரியரே எழுதிக் காட்டியது பாடத்திட்டத்தில் இருந்ததோ இல்லையோ, அதுதான் பாடம்.

1956 ஆம் ஆண்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த ஜூன் மாதம் நாடாளுமன்றத்தில் சிங்களம் மட்டும் மசோதா நிறைவேறியது. அதே ஜூனில் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் தமிழர்மீது வன்முறை வெடித்தது. அந்த நேரத்தில் பேராதனையின் சமூகவியல் விரிவுரையாளர் ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா தம் மாணவர்களுடன் அங்கே கள ஆய்வில் இருந்தார். ஆசிரியர் தமிழர்; மாணவர்களில் சிங்களவரும் இருந்தனர், தமிழரும் இருந்தனர். குடியேற்றக் கிராமத்துப் பொருளாதாரத்தைப் படிக்கப் போன இடத்தில் அவர்கள் கண்ணெதிரே வந்து நின்றது வேறு பாடம். தம்பையா பின்னாளில் அந்த நாட்களைப் பதிவு செய்திருக்கிறார். 1960 இல் நாட்டைவிட்டுப் போனவர் தாய்லாந்தின் பௌத்தத்தை ஆராய்ந்து, கேம்பிரிட்ஜ், சிக்காகோ, ஹார்வர்ட் என்று உலகப் புகழ்பெற்றார். 1986 இல் இலங்கையின் இனக்கொலைகளைப் பற்றிய நூலோடு எழுத்தில் திரும்பினார்.

கண்டிக்காரர்கள் கேள்விப்பட வேண்டிய இன்னொரு நூலும் தம்பையாவுக்கு உண்டு. என்.கே. சர்க்காருடன் சேர்ந்து 1957 இல் அவர் வெளியிட்ட பாத்த தும்பறைக் கிராமங்களின் ஆய்வறிக்கை. நகரத்திலிருந்து பஸ் ஏறினால் அரைமணிக்குள் போய்விடக்கூடிய ஊர்கள். சிங்களக் கிராமம் என்றால் வயலும் குளமும் விகாரையுமாக நிறைந்த வாழ்வு என்று பாடப்புத்தகங்கள் வரைந்த படத்தை, நிலமில்லாதவரின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்ட அறிக்கை அது. நூலின் தலைப்பிலேயே கிராமம் சிதைந்துகொண்டிருந்தது.

மறுபடி 1956. நவம்பர் 3 அன்று கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் பேராதனை விரிவுரையாளர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியது. பேராதனை மாணவர்கள் நடித்தார்கள். நவீன சிங்கள நாடகத்தின் பிறந்தநாள் என்று அந்தத் தேதியைச் சொல்வார்கள். அதன் வடிவம் நாடகம என்னும் சிங்கள நாட்டுக்கூத்து. அந்த நாடகம எங்கிருந்து வந்தது? வடக்கே தமிழ்க் கத்தோலிக்கர் ஆடிய கூத்திலிருந்து. இதைச் சொன்னது தமிழ்ப் பற்றாளர் யாருமில்லை. 1953 இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் சரச்சந்திரவே சொன்னார். மொழிச்சட்டம் வந்து ஐந்து மாதத்தில், சிங்களப் பண்பாட்டின் மறுமலர்ச்சி என்று கொண்டாடப்பட்ட நாடகத்தின் மெட்டுக்குள் தமிழ்க் கூத்து ஒலித்துக்கொண்டிருந்தது. அரங்கில் இருந்தவர்களில் எத்தனை பேர் காதுக்கு அது எட்டியது என்பது வேறு விஷயம்.

எட்டியவர்களில் ஒருவர் பேராதனைத் தமிழ்த்துறையின் சு. வித்தியானந்தன். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் கூத்து அப்போதும் ஆடப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. படித்தவர்கள்தான் பட்டிக்காட்டு ஆட்டம் என்று ஒதுக்கியிருந்தார்கள். வித்தியானந்தன் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரைத் தேடிப் போனார். விடியவிடிய வட்டக்களரியில் ஆடிய கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றினார். 1962 இல் 'கர்ணன் போர்', அடுத்து 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை'. மட்டக்களப்பிலிருந்து படிக்க வந்த சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். ஊரில் பார்த்துப் பழகிய ஆட்டத்தைப் பேராசிரியர் ஒருவர் பாடம் என்று சொன்ன அந்தக் கணம் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்திருக்கும் என்பதை மௌனகுருவின் மீதி வாழ்நாளைப் பார்த்தே அறியலாம். பேராசிரியரான பிறகும் அவர் இராவணேசனை விடவில்லை. கூத்தைச் சுருக்கி அதன் உயிரை எடுத்துவிட்டார்கள் என்ற குறையும் அன்றுமுதல் உண்டு. அதில் நியாயம் உண்டு என்றுதான் நாமும் நினைக்கிறோம். ஆனாலும் தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போன ஒன்று, சிங்கள மேடையில் பெற்ற வெற்றியால் தமிழர் கண்ணைத் திறந்து, மறுபடி வீடு சேர்ந்தது. இத்தனையும் பக்கத்துப் பக்கத்துத் துறைகளில் நடந்தவை.

இனி, அவ்வளவு இனிப்பில்லாத பகுதி.

1960 முதல் கலைப்பீடத்தில் தாய்மொழிகள் பயிற்றுமொழியாயின. அது இல்லாவிட்டால் தெல்தோட்டை மாணவிக்குப் பல்கலைக்கழக வாசலே கிடைத்திருக்காது. அந்த மாற்றத்தைக் குறைசொல்ல எமக்கு வாய் வராது. ஆனால் அன்றுமுதல் ஒரே பாடத்தை ஒரே கட்டடத்தில் சிங்கள மாணவர் ஒரு மண்டபத்திலும் தமிழ் மாணவர் வேறொரு மண்டபத்திலும் படிக்கிறார்கள். நான்கு வருடம் ஒரே வளாகத்தில் இருந்துவிட்டு, பக்கத்து மண்டபத்துப் பிள்ளையுடன் ஒரு பாடத்தைப் பற்றி ஒருமுறைகூட வாதாடாமல் பட்டத்தோடு வீட்டுக்குப் போகலாம். போகிறார்கள்.

1979 இல் பேராதனை வரலாற்றாசிரியர் லெஸ்லி குணவர்தன ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். சிங்களம் என்ற பெயர் தொடக்கத்தில் ஆளும் குலத்தைக் குறித்தது, நூற்றாண்டுகள் கடந்துதான் மக்கள் கூட்டம் முழுவதற்குமான பெயராக விரிந்தது என்பது அவர் வாதம். பெயர்கள் வானத்திலிருந்து விழுவதில்லை என்று தம் சொந்த இனத்தின் பெயரை எடுத்து ஆராய்ந்து காட்டத் துணிவு வேண்டும். அதே பல்கலைக்கழகத்தின் சிங்களத் துறைப் பேராசிரியர் கே.என்.ஓ. தர்மதாச அதை மறுத்து எழுதினார். நல்ல வாதம்; இரண்டு பக்கமும் படிக்கத்தக்கது. அது ஆங்கிலத்தில், அறிஞர்களிடையே நடந்தது. 1983 மேயில், தமிழர்மீதான ஜூலை வன்முறைக்கு இரண்டு மாதம் முன்னரே, அதே வளாகத்தில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். இலச்சினையில் கண் இருக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் பார்வை வந்துவிடுவதில்லை.

தமிழர் பக்கமும் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. வளாகத்தை ஊடறுத்து ஒரு வீதி போகிறதே, கலஹா வீதி, அது ஏறிப்போய்ச் சேரும் மலைகளில்தான் லூல்கந்துரை இருக்கிறது. 1867 இல் ஜேம்ஸ் ரெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட இடம். விரிவுரை மண்டபத்து யன்னலைத் திறந்தால் ஹந்தானை. அங்கே தோட்டத்து மக்கள் மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடுவார்கள். 1960களில் கூத்தைத் தேடிக் கிழக்குக்கும் மன்னாருக்கும் போனவர்கள் போற்றத்தக்கவர்கள். ஆனால் மேடையேறிய அந்த நான்கு கூத்துகளில் காமன் கூத்து இல்லை. தோட்டத்து மக்களின் பாட்டுகளைத் தொகுத்தவர் தலவாக்கலையின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும் தொழிற்சங்கக்காரருமான சி.வி. வேலுப்பிள்ளை. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் எழுத்தைப் பற்றி, தமிழ்த்துறையைச் சேர்ந்த க. அருணாசலத்தின் 'மலையகத் தமிழ் இலக்கியம்' நூலாக வந்தபோது ஆண்டு 1994. யன்னலுக்கு வெளியே இருந்த மலையைப் பார்க்க நாற்பது ஆண்டுகள்.

இன்று பல்கலைக்கழகங்களிடம் கேட்கப்படுவது வேறு. வேலைச் சந்தைக்குப் பொருந்தும் பட்டதாரி வேண்டுமாம். கணினி, ஆங்கிலம், நேர்முகத்தேர்வில் உட்காரும் விதம் எல்லாம் பாடநெறிகளாகிவிட்டன. அவை வேண்டாம் என்று சொல்லும் வசதி நமக்கு இல்லை. வேலையில்லாப் பட்டதாரிகளின் சத்தியாக்கிரகக் கொட்டில்களைப் பார்த்தவர்கள் நாம். எமது சண்டை வேறொன்றோடு. ஒரு வருடத்து நோட்ஸ் போட்டோ கொப்பிக் கடையில் தங்கி, அடுத்த அணிக்கும் அதற்கடுத்த அணிக்கும் விற்பனையாகிறது. பரீட்சை வினாவும் அதற்கேற்றபடி நிற்கிறது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்று கேட்க வேண்டாம். கேட்டால் பட்டியல் இந்த இதழின் பக்கங்களுக்குள் அடங்காது. இப்படிப் படித்த ஒருவருக்குச் சமூகவியலில் முதல் வகுப்பு இருக்கலாம், தான் ஏறிவந்த பஸ் எந்தத் தோட்டத்தைக் கடந்து வந்தது என்று தெரியாமலும் இருக்கலாம்.

ஐம்பது சொல் எழுதிவா என்று சொல்ல உலக வங்கிக் கடன் தேவையில்லை. அந்த விரிவுரையாளரிடம் இருந்தது ஒரு கரும்பலகையும் கொஞ்சம் கற்பனையும். எமக்கு ஓர் ஆசை உண்டு. அந்த வகுப்பில் சிங்கள மாணவர்களும் இருந்திருந்தால், தும்பறைப் பிள்ளையொன்று தன் பாட்டியின் ஐம்பது சொல்லோடு வந்திருந்தால், இரண்டு கொப்பிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். கங்காணி என்ற சொல் இரண்டிலும் இருந்திருக்கும்.

மாணவியிடம் அரைப்பேர் பற்றிக் கட்டுரை கேட்டோம். பரீட்சை முடியட்டும் என்றார். அப்பாயியிடம் இந்த விஷயத்தைச் சொன்னாயா என்று கேட்டதற்குச் சிரித்தார். "சொன்னேன் சேர். இதையெல்லாமா கேம்பஸ்ல படிக்கிறீங்கன்னு கேட்டுச்சு."

அடுத்த இதழில் எட்டுப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். பேராதனையிலோ வேறெங்கோ படித்தவர்கள், படிக்கிறவர்கள், உங்கள் பார்வையைப் புரட்டிப்போட்ட ஒரு வகுப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். பொறியியலானாலும் மிருகவைத்தியமானாலும் சரி. கையெழுத்தில் இருந்தாலும் ஏற்போம். சிங்களத்தில் எழுதினால் தமிழாக்குவது எங்கள் பொறுப்பு. கவிதை மட்டும் இந்தமுறை வேண்டாம்.