எழுத்தாளருக்கு இணையத்தில் ஓர் இல்லம்

நூல் எழுதுவது ஒரு தொழில். எழுதிய நூலை வேண்டியவர் கையில் சேர்ப்பது மற்றொரு தொழில். முன்னதில் வல்லவராய் விளங்கும் எழுத்தாளர் பலர் பின்னதில் கைசோர்ந்து நிற்கக் காண்கிறோம். தமிழ்நாட்டை விட்டு வந்து மைசூரில் குடியமர்ந்த நமக்கு இவ்விடர் இரு மடங்காகும். நூல் அச்சாவது சென்னையில்; ஆசிரியர் வாழ்வது இங்கே; படிப்பவரோ எங்கெங்கோ. வெளியீட்டு விழா நடைபெறுகிறது; பொன்னாடை போர்த்தப்படுகிறது; நிழற்படமும் எடுக்கப்படுகிறது. மறுநாள், எஞ்சிய படிகள் கட்டுக்கட்டாகப் பரணில் ஏறிவிடுகின்றன. பரணில் உறங்கும் நூல் எழுதப்படாத நூலுக்கு ஒப்பன்றோ?

நூல் வெளியிட்ட அன்பர்கள் தமக்கென ஒரு வலைத்தளம் அமைத்துக்கொள்வது இவ்விடர் தீர ஒரு வழியாகும். அதனைப் பயனுற அமைப்பது எவ்வாறு என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

தம் வாயிலைத் தாமே அமைத்துக்கொண்ட எழுத்தாளர் ஒருவர் இவ்வூரிலேயே வாழ்ந்திருக்கிறார். ஆர். கே. நாராயண் 1906-ஆம் ஆண்டு சென்னையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் இங்கே பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றியமையால் மைசூர்வாசி ஆனவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல், 'சுவாமியும் நண்பர்களும்', கிரஹாம் கிரீன் என்னும் ஆங்கில எழுத்தாளரின் முயற்சியால் 1935-இல் இலண்டனில் வெளியாயிற்று. பின்னர் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இலண்டன் பதிப்பாளரோடு இருந்த தொடர்பு அறுபட்டது. அவர் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. 'இந்தியன் தாட் பப்ளிகேஷன்ஸ்' என்னும் சொந்தப் பதிப்பகத்தை 1942-இல் மைசூரிலேயே நிறுவினார். யாதவகிரியில் அவர் வாழ்ந்த இல்லம் 2016 முதல் நினைவகமாக விளங்குகிறது; அன்பர்கள் பிள்ளைகளுடன் சென்று காணலாம். பிறர் கதவு அடைபட்டபோது தம் கதவைத் திறந்தார் என்பதே அவர் வரலாற்றில் நாம் கொள்ள வேண்டிய பாடம். அவருக்கு அச்சகமும் தாளும் வேண்டியிருந்தன. இன்றைய எழுத்தாளருக்கு ஒரு கணினியும் சிறிது பொறுமையும் போதும்.

"முகநூலில் எழுதுகிறோமே, அது போதாதா?" என்று சிலர் வினவலாம். வேற்றூரில் வந்து குடியேறிய நமக்குக் குடிக்கூலி வீட்டின் இயல்பை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உரிமையாளர் சொல்லும் நாளில் மூட்டை கட்டியாக வேண்டும். 1990-களில் 'ஜியோசிட்டீஸ்' என்னும் இலவச மனையில் உலகெங்குமுள்ள மக்கள் தத்தம் பக்கங்களை ஆர்வத்துடன் அமைத்தனர். அதனை விலைக்கு வாங்கிய யாஹூ நிறுவனம் 2009-இல் அதன் அமெரிக்கத் தளத்தை மூடியது. ஆர்வலர் முயன்று படியெடுத்துக் காத்தவை போக, மற்றவை அழிந்தன. ஆதலின் ஆண்டுக் கட்டணம் செலுத்தித் தம் பெயரிலேயே ஒரு முகவரியைப் பதிந்துகொள்வது முதற்கடமை. முகநூல் தெருவில் நின்று அழைக்கும் குரலாக இருக்கட்டும். வந்தவர் அமர்வதற்கு வீடு நமதாக இருத்தல் வேண்டும்.

அவ்வீட்டில் வைக்க வேண்டுவன யாவை? வருகின்றவர் மூன்று வினாக்களுடன் வருகிறார்: இவர் யார்? என்ன எழுதியிருக்கிறார்? நூல் எங்கே கிடைக்கும்? இம்மூன்றிற்கும் முதற்பக்கத்திலேயே விடை இருத்தல் வேண்டும். ஆசிரியர் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும், தலைப்பெழுத்துடனும் புனைபெயருடனும் குறிப்பிடுக. தேடுவோர் எவ்வெழுத்தில் தேடுவர் என்பதை யார் அறிவார்? ஒவ்வொரு நூலுக்கும் தனிப்பக்கம் ஒன்று வேண்டும். அதில் அட்டைப்படம், பொருளைக் கூறும் நான்கு வரி, வெளியான ஆண்டு, பதிப்பகம், பக்க எண்ணிக்கை, விலை, 13 இலக்கங்கள் கொண்ட பன்னாட்டு நூல் எண், அஞ்சற்செலவு, வாங்கும் வழி ஆகியவை இடம்பெறுக. படிகள் தீர்ந்துபோயிருப்பின் அதனையும் ஒளிக்காமல் கூறுக. மின்னஞ்சல் முகவரி ஒன்று தருக. வீட்டு முகவரியை ஊரறிய வெளியிட வேண்டுவதில்லை. பொன்னாடைப் படங்களுக்கு முதலிடம் தருவது விருந்தினரை வாயிலிலேயே நிறுத்திவைப்பதாகும். ஒரு படம் போதும். அதுவும் கைப்பேசியில் விரைவில் திறக்குமாறு அளவில் சிறிதாக இருக்கட்டும்.

இவை அனைத்தினும் முதன்மையானது படித்துப் பார்க்க ஒரு பகுதி. கடையில் நூலைப் புரட்டிப் பாராமல் வாங்குவார் அரியர். ஆகவே ஒரு சிறுகதையையோ நாவலின் முதல் அதிகாரத்தையோ முழுமையாகத் தருதல் வேண்டும். பதிப்பாளருடன் ஒப்பந்தம் இருக்குமாயின் அவர் இசைவை முன்னரே பெறுக. அப்பகுதியை நிழற்படமாக அன்றி எழுத்தாகவே தருவது நன்று. படத்திலுள்ள சொற்களைத் தேடுபொறி எளிதில் கண்டுகொள்வதில்லை. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை பிறர் கைப்பேசியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும்; அவற்றை யூனிகோட் முறைக்கு மாற்றுக. 1991-இல் வெளியான அம்முறையின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது.

நம் போன்ற குடும்பங்களுக்கென ஒன்று கூற விரும்புகிறோம். தமிழைக் கேட்டால் புரிந்துகொள்வர், படிக்கமாட்டார் என்னும் நிலையில் நம் பிள்ளைகளிற் பலர் வளர்கின்றனர். பாட்டனார் எழுதிய நூல் அலமாரியில் இருந்தும் பேரனுக்கு அது பூட்டிய பெட்டி. ஆசிரியர் தம் குரலிலேயே ஓர் அதிகாரத்தைப் படித்து ஒலிப்பதிவாகத் தளத்தில் வைத்தால் அப்பூட்டு திறக்கும். கன்னடத்தில் ஒரு சிறு முன்னுரை இருப்பின் அண்டைவீட்டாரும் அறிவர். மொழிபெயர்க்க ஒருவர் முன்வரவும் கூடும்.

தளம் அமைத்த பின்பு அதனைப் பேணுதல் வேண்டும். விளக்கேற்றாத வீட்டிற்கு விருந்தினர் வாரார். எழுத்தாளர் ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்னும் பெயரில் 2014 ஜனவரி முதல் நாளன்று இணையத்தில் எழுதத் தொடங்கி, நாள்தோறும் ஒரு பகுதியாக வெளியிட்டு, 26 நாவல்களாக 2020 ஜூலையில் நிறைவு செய்தார். கட்டணமின்றிப் படிக்கக் கிடைத்தும் அவை அச்சு நூல்களாகவும் வெளிவந்தன. நாள்தோறும் எழுதுவது எல்லார்க்கும் இயல்வதன்று. திங்களுக்கு ஒரு பக்கம் என்று வரையறுத்துக்கொண்டு அதனைத் தவறாமல் எழுதினால் அதுவே சாலும். வாசகர் மடலுக்கு மறுமொழி எழுதுவதும் இக்கடமையில் அடங்கும்; ஒரு மடலுக்கு விடை பெற்றவர் அடுத்த நூலை மறவார்.

இறுதியாக, பலரும் எண்ணிப்பாராத செய்தி ஒன்று. ஆசிரியருக்குப் பின் இத்தளம் என்னாகும்? நம் நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் அவர்தம் வாரிசுகளுக்கு உண்டு. ஆனால் முகவரிக்குரிய கட்டணம் கட்டத் தவறினால், சில காலத்திற்குள் அம்முகவரி வேறொருவர் கைக்குப் போய்விடலாம். உரிமை இருக்கும், வீடு இராது. ஆதலின் கடவுச்சொல்லையும் கட்டணம் செலுத்தும் நாளையும் எழுதி, குடும்பத்தில் பொறுப்புள்ள ஒருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். எழுதியவை அனைத்திற்கும் வேறோர் இடத்தில் படி ஒன்று இருக்கட்டும். உரிமையை விட்டுக்கொடுத்து எல்லாருக்கும் வழங்க விரும்புவோர், 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் என்னும் மின்னூல் தொகுப்பிற்குத் தம் நூலை அளிக்கலாம். பல நாடுகளில் வாழும் தமிழ் அன்பர்கள் ஊதியம் கருதாது வளர்த்துவரும் அறம் அது.

தளம் அமைக்கும் தொழில்நுட்பம் நம் இளைஞர்க்குக் கைவந்த கலை; நூல் எழுதும் கலை நம் பெரியோர்க்குக் கைவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரு மேசையில் அமர்வாராயின், பரணில் உள்ள கட்டுக்கள் கீழிறங்கும். இளைஞர் தட்டச்சு செய்யும்பொழுதே அந்நூலைப் படித்தும் விடுவார். ஆசிரியர் நாடிய வாசகர்களுள் ஒருவர், வீட்டிற்குள்ளேயே கிடைத்துவிடுவார் அல்லவா? இம்முயற்சியை அன்பர்கள் இவ்வாரமே தொடங்குக.