நிறைந்த கலமும் நெடிய ஆயுளும்

அண்மையில் ஹட்டன் நகரில் என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். தேயிலைத் தோட்டத்து லயத்திற் பிறந்து வளர்ந்தவன். கொழுந்து பறித்துத் தாயார் சேர்த்த பணத்தோடு கடனும் வாங்கி, பழைய மின்சாரக் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டி வருகிறான். அவன் முகத்தில் வாட்டம் தெரிந்தது.

"ஐயா, ஒவ்வோர் இரவும் நூற்றுக்கு நூறு மின்னேற்றியே வைக்கிறேன், ஒரு நாளேனும் குறை வைத்ததில்லை. ஆயினும், ஓடும் தூரம் நாளுக்கு நாள் குறைகிறதே! நான் செய்த பிழை யாது?" என்று வினவினான்.

"குறை வைக்காததும் ஒரு பிழைதான், தம்பி" என்றேன். வண்டியின் வயதும் ஒரு காரணமே. எனினும், அவன் அறிந்திருக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு.

இவ்வண்டிகளில் இருப்பது இலிதியம் அயன் மின்கலம். இதனை ஆக்கிய அறிஞர் மூவருக்கு 2019ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் ஒரு மின்வாயை நீங்கி, மற்றதிலுள்ள பென்சிற்கரியின் அடுக்குகளிற் புகுந்து தங்குகின்றன. கலம் நிறைய நிறைய அதன் மின்னழுத்தம் உயர்கிறது. அந்நிலையில் நெடுநேரம் இருந்தால், உள்ளேயுள்ள திரவம் மெல்லச் சிதைந்து மின்வாய்களின்மேற் படலமாகப் படிகிறது. அயன்களுட் சில அதிற் சிறைப்பட்டு மீளாதொழிகின்றன. வெப்பம் மிகுந்தால் இச்சிதைவு விரைவுபடும். ஆகவே, முழுமையாக நிரப்புவதைக் காட்டிலும், நிரப்பியபடியே நிறுத்தி வைப்பதுதான் பெருங்கேடு. 2010 இறுதியில் விற்பனைக்கு வந்த நிஸான் லீஃப் காரின் தொடக்ககால வண்டிகளில், நூற்றுக்கு 80 ஆனதும் மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி அமைந்திருந்தது இதன் பொருட்டேயாம்.

மலைநாட்டார்க்கு இன்னுமொரு காரணமும் உண்டு. காசல்ரீ நீர்த்தேக்கத்தை நினைத்துப் பாருங்கள். அது விளிம்புவரை நிறைந்திருக்கையில் பெருமழை பெய்தால், வழிந்தோடும் நீர் விமலசுரேந்திர மின்நிலையத்தின் சுழலியைச் சுழற்றுவதில்லை. மின்கலமும் அத்தகையதே. இறக்கத்தில் காரின் மோட்டார் தைனமோவாக மாறி, மின்சாரத்தைக் கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. கலத்தில் இடமில்லையெனின் அவ்வுதவி கிட்டாது. பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும்.

இதன் அளவையும் கணித்துப் பார்க்கலாம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. 1,500 கிலோகிராம் எடையுள்ள வண்டியை அவ்வுயரத்துக்கு ஏற்றுவதற்கு மட்டும் ஏறக்குறைய 7½ அலகு மின்சாரம் வேண்டும். முதல் லீஃப் வண்டியின் கலமோ 24 அலகே கொள்ளும். ஏறும்போது செலவாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! இறங்கும்போது அதில் ஒரு பகுதியை மீட்கலாம். இடம் விட்டு வைத்தவனுக்கே அப்பேறு வாய்க்கும்.

அங்ஙனமாயின் செய்ய வேண்டுவது என்ன? நாளாந்த ஓட்டத்துக்கு 80 போதும். 20க்குக் கீழே இறங்க விடாதிருத்தல் நலம். நெடும்பயணத்துக்கு முழுமையாக ஏற்றலாம். ஆனால், புறப்படும் வேளைக்குச் சற்று முன்னரே அது நிறைவுறுமாறு பார்த்துக்கொள்க. மலையுச்சியிலிருந்து இறங்குவோர் அப்போதும் சிறிது இடம் விடுக. வண்டியை நிழலில் நிறுத்துக.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. இப்போது வரும் புதிய வண்டிகள் சிலவற்றில் இலிதியம் இரும்புப் பொசுபேற்றுக் கலம் உள்ளது. எஞ்சிய மின்னைக் காட்டும் மானி பிழையின்றி இயங்குதற்பொருட்டு, அவற்றை இடையிடையே முழுமையாக ஏற்றுமாறு தயாரிப்பாளர் கூறுவர். ஆதலால், வண்டியின் கைநூலைப் படித்து நடப்பதே அறிவுடைமை.

சிதைந்த பகுதி இனி மீளாது என்பதையும் என் மாணவனிடம் மறைக்கவில்லை. அவன் சிறிது நேரம் மௌனமாயிருந்தான். பின்பு, "எஞ்சியதையாவது காப்பாற்றுவேன், ஐயா. கடன் தீர இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது" என்றான். அவ்விரண்டு வருடமும் அக்கலம் உழைக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.