சிம் கணக்கில் மறையும் ஊர்கள்

"எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது, இனி கிராமம் என்ன, நகரம் என்ன?" படித்தவர்களே இப்படிப் பேசுகிறார்கள். இது தவறு. கிராமத்துக்குச் சேரவேண்டியதைத் தள்ளிப்போட வசதியான சாக்கும்கூட.

அந்தப் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது தொலைபேசி அடர்த்தி, அதாவது 100 பேருக்கு எத்தனை இணைப்பு என்ற கணக்கு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட 2024 மார்ச் கணக்கில் நாடு முழுவதற்கும் அது 85ஐத் தாண்டியிருந்தது. பிரித்துப் பாருங்கள்: நகரத்தில் 133, கிராமத்தில் 59. எண்ணப்படுவது சிம், ஆள் அல்ல. நகரத்துக்காரர் வைத்திருக்கும் இரண்டாவது சிம், போனே இல்லாத கிராமத்துப் பெண்ணின் இடத்தைச் சராசரியில் நிரப்பிவிடுகிறது.

டவர்தான் வந்துவிட்டதே என்பார்கள். ஒதுக்குப்புற டவர்கள் பலவற்றுக்கு ஃபைபர் கேபிள் கிடையாது. அடுத்த டவரிலிருந்து மைக்ரோவேவ் வழியாகத்தான் தரவு வருகிறது. சாயங்காலம் ஊரே போனை எடுத்தால் அந்த வழி திணறும். மின்சாரம் நெடுநேரம் போனால் பேட்டரி தீர்ந்து, சிக்னலும் போய்விடும்.

இப்படிப்பட்ட ஊர்களிடம்தான் அரசு எல்லாவற்றையும் நெட்டில் கேட்கிறது. 2023 ஜனவரியில் நூறு நாள் வேலைத் தளங்களில் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் தினமும் இருமுறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். படம் ஏறவில்லை என்றால் கூலிக்குச் சிக்கல். வெயிலில் மண் வெட்டியவர் வேலைக்கு வந்தாரா என்பதை சிக்னல் சொல்ல வேண்டுமாம்! இதைவிட அநியாயம் வேறு வேண்டுமா?

லாபமில்லாத இடத்துக்குக் கம்பெனி எப்படிப் போகும் என்ற கேள்வியும் செல்லாது. இன்று டிஜிட்டல் பாரத் நிதி எனப்படும் நிதியம் 2002இல் தொடங்கப்பட்டதே அத்தகைய இடங்களுக்காகத்தான். நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் அதற்குப் போகிறது. கடைசியில் அது ரீசார்ஜ் செய்கிற நம் பணம். 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கு ஃபைபர் போடும் திட்டம் 2011இல் ஒப்புதல் பெற்றது. 2023இல் அதைச் சீரமைத்து விரிவாக்க மறுபடியும் 1.39 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஊராட்சி அலுவலகம் வரை கேபிள் போனதும் ஊரே இணைந்துவிட்டதாக எழுதுவதை நிறுத்த வேண்டும். குக்கிராமம் வாரியாக, மாலை நேர வேகத்தை அளந்து வெளியிட வேண்டும். அதுவரை சிக்னல் இல்லாத இடங்களில் காகிதப் பதிவேடு செல்லும் என்று அரசு இப்போதே ஆணையிட வேண்டும்.