பாட்டிக்குப் பிடிவாதம் இல்லைங்க, வலி

போன மாசம் வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் ஒரு பாட்டி வாயில் வைத்த சோற்றைத் துப்பிட்டு, தட்டையும் தள்ளி விட்டாங்க. மறதி நோய் வந்து நாலு வருஷம் ஆச்சு. "பாட்டிக்குப் பிடிவாதம் ஜாஸ்தி"ன்னு முதலில் சொன்னது வேற யாரும் இல்லை, பரிமாறின நாங்கதான்.

வீட்டில் பாட்டியைப் பார்த்துக்கிறது இந்தோனேசியப் பணிப்பெண். "சாக்கிட்?"னு அவங்க கேட்டா பாட்டிக்கு இப்ப புரியறதில்லை. மலாய் மறந்து போய் எஸ்டேட் தமிழ்தான் மிச்சம். "பாட்டி தினமும் குத்து, குத்துன்னு சொல்றாங்க, அப்படின்னா என்ன?"ன்னு அந்தப் பெண் மகன்கிட்ட கேட்ட பிறகுதான் கிளினிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பல்செட்டுக்கு அடியில் ஈறு முழுக்கப் புண். எத்தனை நாளா குத்துச்சோ!

மறதி வந்தவங்க கத்தினா, அடிச்சா, குளிக்க மறுத்தா "நோய் முத்திடுச்சு"ன்னு சொல்லிடுறோம். சிலர் தூக்க மாத்திரை தேடுறாங்க. முதலில் வலியைத் தேடுங்கள் என்பதே எங்கள் கருத்து. பல், மூட்டு, மலச்சிக்கல், சதைக்குள் வளர்ந்த கால் நகம், எதுவாகவும் இருக்கலாம்.

"வலிக்குதா?"ன்னு கேட்டா பலர் "இல்லை"ன்னுதான் சொல்வாங்க. அதனால் கண்ணால் பார்க்கணும். 2003-இல் வந்த பெயினாட் என்ற அளவுகோலில் 5 விஷயம்தான்: மூச்சு, முனகல், முகம், உடம்பு இறுக்கம், ஆறுதல் சொன்னா அடங்குறாங்களா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10. சும்மா படுத்திருக்கும்போது மட்டும் பார்த்தா தெரியாது. எழுப்பும்போது, துணி மாத்தும்போது, சாப்பிடும்போது பாருங்க.

எங்களில் பாதிப் பேர் ஃபேக்டரி ஆளுங்க. மெஷின் சத்தம் மாறினாலே புக்கில் எழுதி அடுத்த ஷிப்டுக்குக் கொடுக்கிறோம். அம்மாவுக்கு எழுத மாட்டோமா? டாக்டர்கிட்ட "கோபப்படுறாங்க"ன்னு சொன்னா அவர் என்ன செய்வார்? "மூணு நாளா சாப்பிடும்போது மட்டும் இடது கன்னத்தைப் பிடிக்கிறாங்க"ன்னு சொன்னா அவருக்குப் பிடி கிடைக்கும்.

பணிப்பெண் வச்சிருக்கிற வீட்டில் குத்துது, குடையுது, எரியுது, கடுக்குது என்ற நாலு வார்த்தையையாவது மலாய் எழுத்தில் எழுதி, அர்த்தத்தோட ஐஸ்பெட்டியில் ஒட்டுங்க. இன்னிக்கே செய்யலாம், காசு செலவில்லை.

பாட்டி போன வெள்ளி வந்தாங்க. ரசம் சோறு ரெண்டு தடவை வாங்கினாங்க. இனி வெள்ளிக்கிழமைகளில் குழைந்த சோறு தனியா எடுத்து வைக்கிறோம். தேவைப்படுறவங்க பரிமாறும் இடத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்க.