உண்ணிக்கடிக்கு எதிரான தடுப்பூசி: மலைப்பகுதி மக்கள் அறிய வேண்டியவை

நாகலூர் உள்ளிட்ட சேர்வராயன் மலைக் கிராமங்களில் காபித் தோட்ட வேலை, விறகு சேகரிப்பு, கால்நடை மேய்ச்சல் ஆகியவற்றில் ஈடுபடுவோரை உண்ணிகள் கடிப்பதுண்டு. இக்கடிக்கு எதிராகவே தடுப்பூசி உருவாக்கும் முயற்சிகள் நடைபெற்று வருகின்றன. அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதை அறிந்திருத்தல் அவசியம்.

தடுப்பூசி எவ்வாறு செயல்படும்?

வழக்கமான தடுப்பூசிகள் நோய்க்கிருமியை எதிர்க்க உடலைத் தயார்படுத்துகின்றன. புதிய முறையோ உண்ணியின் உமிழ்நீரைக் குறிவைக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உமிழ்நீரிலுள்ள 19 புரதங்களை அடிப்படையாகக் கொண்ட எம்ஆர்என்ஏ தடுப்பூசியைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தி, முடிவுகளை 2021-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கடித்த இடம் விரைவில் சிவந்தது. உண்ணிகள் போதிய இரத்தம் குடிக்காமலேயே உதிர்ந்தன. லைம் நோய்க்கிருமி பரவுவதும் தடுக்கப்பட்டது. எனினும் சுண்டெலிகளில் இத்தகைய எதிர்ப்பு உருவாகவில்லை. கால்நடைகளுக்கான உண்ணித் தடுப்பூசிகள் 1990-களிலேயே பயன்பாட்டிற்கு வந்துவிட்டன. மனிதர்களுக்கானது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

இந்தியாவில் நிலை என்ன?

உண்ணிகளால் பரவும் கியாசனூர் காட்டு நோய் என்னும் குரங்குக் காய்ச்சல், 1957-ஆம் ஆண்டில் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. பின்னர் நீலகிரியிலும் பதிவானது. அதன் வைரஸுக்கு எதிரான பழைய தடுப்பூசி, போதிய வீரியமின்மையால் 2022-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. புதிய தடுப்பூசி உருவாக்கப்பட்டு வருகிறது.

'உண்ணிக்காய்ச்சல்' இதில் அடங்குமா?

அடங்காது. தமிழ்நாட்டில் உண்ணிக்காய்ச்சல் எனப்படும் ஸ்கரப் டைபஸ், மாட்டுண்ணி, நாயுண்ணி போன்றவற்றால் பரவுவதில்லை. புதர்களில் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத வேறொரு சிற்றுயிரியின் இளம்பருவம் கடிப்பதால் பரவுகிறது. இதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய மருந்துகளால் குணப்படுத்த இயலும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை பாதிக்கப்பட்டு உயிருக்கு ஆபத்து நேரலாம்.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் செய்ய வேண்டியவை

• தோட்டத்திற்குச் செல்கையில் உடலை முழுமையாக மறைக்கும் ஆடை அணிக. திரும்பியதும் குளித்து, ஆடைகளைத் துவைக்கவும்.

• ஒட்டியுள்ள உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்து அகற்றவும். தீயால் சுடுதல், மண்ணெண்ணெய் ஊற்றுதல் கூடாது.

• காய்ச்சல் கண்டால் அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருநிறப் புண் உள்ளதா எனப் பார்க்கவும். புண் இல்லாமலும் இந்நோய் இருக்கலாம்.

• ஆரம்ப சுகாதார நிலையத்தை உடனே அணுகி, தோட்டம் அல்லது காட்டிற்குச் சென்றதை மருத்துவரிடம் தெரிவிக்கவும். கர்ப்பிணிகள் அதனையும் கூற வேண்டும். மருந்து அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கப்படும்.